காடையின் உயரத்திலிருந்து பார்த்த எங்கள் அண்ணை

எங்கள் அண்ணை கண்மூடி ஓராண்டு நிறைகிறது. அவருடைய திவச நாளில் விபோர்க் என்னும் இந்த டேனிஷ் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்களுக்கும், தபாலில் இந்த நினைவு மலரைப் பெற்று ஊரில் வாசிக்கப்போகும் உங்களுக்கும், அவருடைய கடைசித் தங்கையாகிய நான் எழுதுகிறேன். அக்காமார் இருவரும் ஊரில் இருக்கிறார்கள். "நீதான் ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கிறனீ, நீயே எழுது" என்று கடிதத்தில் சொல்லிவிட்டார்கள். இங்கே தமிழ் அச்சகம் இல்லாதபடியால் என் கையெழுத்தையே படியெடுத்துத் தைத்திருக்கிறோம். எழுத்து எங்கேனும் மங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அன்றாடம் எழுதுவது பெரும்பாலும் காற்று, மழை, வந்தவர், போனவர், சமைத்தது என்ற அளவில்தான். ஆனால் அண்ணை எங்களுடன் இருந்த காலத்துப் பக்கங்களைத் திருப்பும்போது அவை நான் எழுதியவைபோலவே இல்லை. எங்கும் ஒரே வெளிச்சமாக இருக்கிறது. எந்தப் பக்கத்திலும் அவர் ஏதோ ஒரு வயலில் முகங்குப்புறப் படுத்திருக்கிறார். அவருக்கு மேலாகப் புல் அசைகிறது.

அண்ணை தென்மராட்சியில், மீசாலையில் பிறந்தவர். அப்பா வேளையோடு காலமானபோது அண்ணைக்குப் படிப்பு முடிந்திருக்கவில்லை. மூன்று தங்கைமாரும் அம்மாவும் அவர் பொறுப்பானோம். முத்தையன்கட்டில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மண்வெட்டியோடும் ஒரு பாயோடும் வன்னிக்குப் போனார். காடு வெட்டி, மிளகாயும் வெங்காயமும் வைத்தார். குளத்து நீர் வராத காலத்தில் கூலிக்கு நெல் வெட்டினார். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகக் கரைசேர்த்தபின், தமக்கென்று ஒரு வாழ்க்கை தேடுவதற்கு வயது போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதில் அவருக்குக் குறை இருந்ததா என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய ஆளாக அவர் இருந்ததில்லை.

வன்னியில் அவருக்கு இருந்த ஒரே ஆசை காடை. அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல்களில், விடியற்காலையில் காடைக்கும் கௌதாரிக்கும் போவார். பயிர்க்காவலுக்கென்று அனுமதி பெற்ற ஒரு பழைய துவக்கு அவரிடம் இருந்தது. ஆனால் துவக்கை எடுத்த நாட்களைவிட எடுக்காமல் போன நாட்களே அதிகம். புது நிலம் ஒன்றுக்குப் போனால் முதலில் சுடமாட்டார். துவக்கை மரத்தில் சாய்த்துவிட்டு நிலத்தில் படுத்துவிடுவார். கன்னத்தை மண்ணில் வைத்து, காடையின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் தன் கண்ணை வைப்பார். தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ஓட வழி இருக்கிறதா, மேலே பருந்து வந்தால் மறைய இலை இருக்கிறதா, குஞ்சு கொத்தித் தின்னப் புழு பூச்சி ஊர்கிறதா, புழுதி குளிக்க வெறுமண் இருக்கிறதா என்று அங்கிருந்துதான் பார்ப்பார். நின்று பார்த்தால் மனிசனுக்கு நல்ல நிலம்தான் தெரியும், படுத்தால்தான் குருவிக்கு நல்ல நிலம் தெரியும் என்பது அவருடைய முறை. அந்த நிலம் தாங்கும் என்று மனம் சொன்னால் மட்டுமே அடுத்த முறை துவக்கோடு போவார்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு துவக்கும் போயிற்று, காணியும் போயிற்று. என் கணவர் இரும்பு வார்ப்பாலையில் வேலை கிடைத்துச் சில ஆண்டுகள் முன்பே இங்கே வந்திருந்தபடியால், அண்ணையும் எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்தது பனிக்காலம். மூன்று மாதம் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தார். வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. "இந்த நாட்டிலை நிலம் எங்கை பிள்ளை வைச்சிருக்கினம்?" என்று ஒருநாள் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பனி கரைந்ததும் அவரே தேடிப்போய்க் கண்டுபிடித்துக்கொண்டார்.

அந்தப் பனிக்காலத்திலேயே அவருக்கு இருதயம் பலவீனம் என்று தெரிந்தது. டொக்டர் படம் வரைந்து விளங்கப்படுத்தினார். மேட்டு நிலத்தில் ஏற வேண்டாம், மெதுவாக நடக்கலாம், நாளுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்றார். எத்தனை காலம் என்று நான் டேனிஷில் கேட்டபோது, வரும் கோடையைப் பற்றியும் இலையுதிர் காலத்தைப் பற்றியும் பேசினார். அதற்கப்பால் பேசவில்லை. வெளியே வந்ததும், "என்னவாம்?" என்றார் அண்ணை. நான் சொன்னேன். ஒளிக்கவில்லை, ஒளித்தாலும் அவர் விடமாட்டார். காரில் ஏறும்போது, "மேடு ஏறவேண்டாம் எண்டு சொன்னது நல்லதாப் போச்சு, இஞ்சை மேடே இல்லையே" என்றார்.

விபோர்க்குக்கு மேற்கே, எங்கள் வீட்டிலிருந்து அதிகம் தூரமில்லாத இடத்தில், மணல் நிலம் தொடங்குகிறது. வயல்களுக்கு நடுவே காற்றைத் தடுக்க நட்ட மரவேலிகள், அவற்றுக்கு அப்பால் பற்றைக்காடு. அண்ணை அங்கேதான் நடக்கப் போவார். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், சைக்கிளில் போன ஒரு பெண் வயலோரத்தில் ஒரு கறுத்த மனிதர் முகங்குப்புறக் கிடப்பதைக் கண்டு, செத்துப்போனார் என்று நினைத்துப் பொலிசுக்கு அறிவித்துவிட்டார்.

பொலிஸ் வருவதற்கு முன் நாய் வந்தது. அந்தக் காணிக்குச் சொந்தமான கமக்காரரின் வேட்டை நாய். பறவை பதுங்கியிருக்கும் இடத்தைக் கண்டால் குரைக்காமல், ஒரு முன்காலைத் தூக்கியபடி சிலைபோல் நிற்கப் பழக்கப்பட்டது. அது அண்ணையைக் கண்டதும் அப்படியே காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டதாம். பின்னால் கமக்காரர் மூச்சிரைக்க வந்தார். அதற்கும் பின்னால் பொலிஸ்காரர்.

"உமக்குச் சுகமில்லையா?" என்று கமக்காரர் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்.

"சுகம்தான். பாத்துக்கொண்டிருக்கிறன்."

"எதை?"

"உம்முடைய குருவி எங்கே படுக்கும் எண்டதை."

 கமக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு அண்ணைக்குப் பக்கத்தில் தாமும் படுத்தார். பொலிஸ்காரர் கையில் புத்தகத்தோடு, "ஒருவரைப் பற்றித்தான் முறைப்பாடு வந்தது. இப்போது இரண்டு பேரை எழுத வேண்டியிருக்கிறது" என்றாராம். இந்த நாட்டு மண்ணில் அண்ணைக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் கணவர் அவரை விடவில்லை.

"மச்சான், பொலிஸ் வாற அளவுக்கு என்ன செய்தனீங்கள்?"

"படுத்திருந்தனான்."

"அப்ப நான் கட்டில் வாங்கித் தந்தது எதுக்கு?"

"அது மனிசருக்கு," என்றார் அண்ணை, சோற்றைப் பிசைந்தபடி.

கமக்காரருக்கும் ஒரு கவலை இருந்தது. அவரும் அயலில் உள்ள அவருடைய மூன்று நண்பர்களும் அந்தக் காணியில் ஆண்டுதோறும் ஒக்டோபரில் கௌதாரி வேட்டைக்குப் போவார்கள். சாம்பல் நிற மார்பும் செங்கபில முகமும் கொண்ட, சிறு கோழி அளவான வயற்கௌதாரி. அது குறைந்து வந்தபடியால் இரண்டு ஆண்டுகளாக ஒரு வெடியும் வைக்காமல் விட்டிருந்தார்கள். இந்த ஆண்டு நிலம் தாங்குமா, தாங்காதா? நால்வரும் நாலு விதமாகச் சொன்னார்கள். புதிதாக ஒருவர் பார்த்துச் சொல்லட்டுமே என்று கமக்காரர் அண்ணையைக் கேட்டார்.

"நீர் வசந்த காலம் முழுக்க நடந்து பாரும். தாங்கும் என்று நீர் சொன்னால் நாங்கள் ஒக்டோபரில் போவோம். அப்போது நீர் வரிசையில் என் இடப்பக்கத்தில் நிற்பீர், என்னுடைய மற்றத் துவக்கோடு."

அந்தச் சொல் அண்ணையை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை நான் அருகில் இருந்து பார்த்தேன். இந்த நாட்டில் துவக்குப் பிடிப்பதற்குப் பரீட்சை எழுத வேண்டும். அவர் பாடப்புத்தகத்தோடு சமையலறை மேசையில் அமர்ந்தார். நான் அகராதியோடு எதிரில் அமர்ந்தேன். பறவைகளின் டேனிஷ் பெயர்களை அவர் தேவாரம் பாடமாக்குவதுபோல் பாடமாக்கினார். முதல் தடவை தவறவிட்டார், இரண்டாம் தடவை சித்தியடைந்தார். கையில் கிடைத்த சிறிய அனுமதி அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, வெளியே போகும்போதெல்லாம் பையை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். அவர் தமக்கென்று ஒன்றை விரும்பி நான் கண்டது அந்த ஒக்டோபரை மட்டும்தான். அவருக்கு இன்னொரு ஒக்டோபர் இருக்குமா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

என் விடுமுறை நாட்களில் நான் காரில் கூட்டிப்போவேன். அவர் மெதுவாக நடப்பார், நான் பின்னால் வருவேன். அந்த வசந்தம் எனக்கு இப்போது ஒரு நீண்ட பின்னேரமாகவே நினைவில் இருக்கிறது. மரவேலியில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. பற்றைக்காட்டில் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வெப்பம் மிதந்துகொண்டிருந்தது. வானம்பாடி கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து ஓயாமல் பாடியது. அண்ணை படுப்பார், பார்ப்பார், எழும்புவார், அடுத்த வயலுக்குப் போவார்.

ஒவ்வொரு வயலுக்கும் அவர் ஒரு சொல் வைத்திருந்தார். பார்லி வயலுக்குள் கிடந்து எழும்பியபோது முகம் வாடியிருந்தது. "பயிர் பச்சைதான் பிள்ளை. ஆனா உள்ளுக்கு ஒண்டும் ஊரேல்லை. மருந்தடிச்சு அடிச்சுப் பூச்சியெல்லாம் செத்துப்போச்சு. குஞ்சு இதுக்குள்ளை வந்தால் பட்டினிதான்." கிழக்கு வேலிக்குப் பக்கத்தில் உயர்ந்த மரம் ஒன்றைக் காட்டி, "அது காகத்துக்குப் போட்ட கதிரை, அதிலை இருந்து கூடு பாக்கும்" என்றார். சிறு மணல் திட்டின் தெற்குச் சரிவில் புழுதி குளித்த குழிகளைக் கண்டபோது, குழிக்குள் விரலை விட்டு மண்ணின் சூட்டைப் பார்த்தார். அதற்குள் கிடந்த ஒரு சிறகை எடுத்து என் கையில் தந்தார்.

கடைசியாகக் குளோவர் வயல். மூன்று இலைக் குளோவரும் புல்லும் கலந்து விதைத்த பெரிய வயல். அது முழங்காலுக்கு மேல் வளர்ந்து, இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. அண்ணை அதற்குள் படுத்தவர் நெடுநேரம் எழும்பவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"அண்ணை?"

"வா பிள்ளை, வந்து படுத்துப் பார்."

"எனக்கு வேண்டாம், உடுப்பு ஊத்தையாப் போடும்."

"உடுப்பைத் தோய்க்கலாம்," என்றார் புல்லுக்குள் இருந்து. நான் போகவில்லை. வரம்பில் நின்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். உள்ளே எறும்பு இருந்தது, பச்சைப் புழு இருந்தது, வெட்டுக்கிளிக் குஞ்சு இருந்தது. தண்டுகளுக்கு நடுவே பேடும் குஞ்சும் வரிசையாக ஓட வழி இருந்தது. அவருக்கு எட்டிய தூரத்தில் கௌதாரிப் பேடு ஒன்று முட்டைமேல் படுத்திருந்தது. அது அவரைப் பார்த்தது, அவர் அதைப் பார்த்தார், இரண்டு பேரும் அசையவில்லை.

எழும்பி வந்து, "இந்தக் கமத்தின்ரை வயிறு இதுதான்" என்றார். "மற்ற வயல் எல்லாம் எப்பிடி இருந்தாலும், இது ஒண்டு போதும்."

யூன் மாதத்தில், வெளிச்சம் போக மனமில்லாமல் நிற்கும் ஒரு பின்னேரம், அந்த வயலின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று சொட்டு நீர் அடுத்தடுத்து விழுந்தாற்போல. நின்று, திரும்பவும் மூன்று சொட்டு. அண்ணை என் கையைப் பிடித்தார்.

"காடை," என்றார்.

உண்மையான காடை. அது எங்கோ வெப்ப நாடுகளில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, சில ஆண்டுகளில் மட்டும் இந்த வடக்கு வரை வருமாம். இங்கே அதைச் சுடக்கூடாது. அண்ணைக்கு அது தெரியும், அவர் படித்த புத்தகத்தில் இருந்தது. ஆனால் அவர் சுடுவதை நினைத்திருக்கமாட்டார். "ஆரடா நீ, எங்கையடா இஞ்சை வந்தனீ?" என்று வயலைப் பார்த்துக் கதைத்தார். அது மூன்று சொட்டால் பதில் சொன்னது. சூரியன் அடிவானத்தில் தங்கி நின்றது. நாங்கள் இருவரும் குளிர் உறைக்கும்வரை அங்கேயே நின்றோம்.

அடுத்த நாள், கமக்காரர் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டே அண்ணை தம் தீர்ப்பைச் சொன்னார்: நிலம் தாங்கும், ஒக்டோபரில் அளவாகச் சுடலாம். கமக்காரர் எழுந்து கைகொடுத்தார். அவருடைய மனைவி இன்னொரு துண்டு கேக் வைத்தார். அன்று முழுவதும் அண்ணை சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்கு அடுத்த கிழமை நாங்கள் போனபோது காற்றில் ஓர் இனிய வாசம் வந்தது. காரைவிட்டு இறங்கும்போதே எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. பிறகுதான் பார்த்தேன், குளோவர் வயல் இல்லை. வெட்டிய புல் பச்சை வரிகளாகக் கிடந்தது. உழவு இயந்திரம் கடைசிச் சுற்றில் இருந்தது. அதற்குப் பின்னால் காகங்களும் கடற்பறவைகளும் இறங்கி இறங்கி எழும்பின.

அண்ணை வரம்பில் நின்றார். எங்கள் ஊரில் எவரும் புல்லை அறுவடை செய்வதில்லை. மாட்டுக்கு வேண்டுமென்றால் அரிவாளால் ஒரு கட்டு அரிந்துகொண்டு வருவோம், கூடு கிடந்தால் சுற்றிப் போவோம். முழு வயல் புல்லையும், அதுவும் குருவி அடைகாக்கும் காலத்தில், ஒரே காலையில் வெட்டிச் சேமிப்பார்கள் என்பது முத்தையன்கட்டிலிருந்து வந்த ஒருவருக்கு எப்படித் தெரியும்? அவர் எல்லாவற்றையும் பார்த்தார். அந்தப் புல் எதற்காக வளர்க்கப்படுகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அவர் பேடு படுத்திருந்த இடத்துக்கு நடந்து போனார். குனிந்தார். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. விரலில் முட்டை மஞ்சள் ஒட்டியிருந்தது.

கமக்காரர் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தார். அண்ணையின் முகத்தைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றது.

"இது புல்," என்றார் கமக்காரர். "மாட்டுக்கு. ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்தில்தான் வெட்டுவோம். நீர் என்னிடம் கேட்கவில்லையே."

"நீர் எனக்குச் சொல்லேல்லையே," என்றார் அண்ணை.

 இருவரும் வெட்டிய புல்லைப் பார்த்தபடி நின்றார்கள். கமக்காரர், "நான் எப்போதும் இதை அந்த இருக்கையில் இருந்துதான் பார்த்திருக்கிறேன்" என்று உயரத்தில் இருந்த இயந்திர இருக்கையைக் காட்டினார்.

திரும்பும் வழியில் காருக்குள் அண்ணை, "என்ரை சொல்லைத் திருப்பி எடுக்க வேணும்" என்றார்.

அவசரப்பட வேண்டாம் என்றேன். வேலியோரங்களில் இன்னும் பேடுகள் இருக்கக்கூடும், சில மறுபடியும் முட்டையிடும், அறுவடைக்குப் பிறகு நாயோடு பார்த்தால் தெரியும் என்று எனக்குத் தெரிந்த நியாயம் எல்லாம் சொன்னேன். ஓகஸ்டில் தாள் வயல்களில் நாயோடு நடந்தார்கள். கூட்டங்கள் இருந்தன, ஆனால் சிறிய கூட்டங்கள். பெரும்பாலும் வளர்ந்த பறவைகள், குஞ்சு குறைவு. இருந்தாலும் கமக்காரர், "சிலவற்றைச் சுடலாம்தானே, ஒரே ஒரு நாள்" என்றார். அண்ணைக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. அண்ணைக்கும் விளங்கியது.

நான்கு வேட்டைக்காரரும் கூடியிருந்த மேசையில், நான் மொழிபெயர்க்க எழுந்தபோது அண்ணை கையமர்த்திவிட்டுத் தாமே டேனிஷில் சொன்னார். வீட்டில் சொல்லிப் பழகியிருந்த வசனங்கள். "நான் பிழையாகப் பார்த்தேன். புல் வெட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. மிச்சம் இருப்பது விதைக்கு வைக்கிற அளவுதான். இந்த வருஷம் சுட வேண்டாம்."

 சிவந்த முகமுடைய ஒருவர், நால்வரிலும் வயது குறைந்தவர், கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"மூன்றாவது வருஷம். உம்முடைய சொல்லைக் கேட்டு நான் தோட்டாவும் வாங்கி வைத்துவிட்டேன். அதை இப்போது என்ன செய்வது?"

"தோட்டா அழுகாது," என்றார் அண்ணை.

முதலில் சிரித்தது கமக்காரரின் மனைவி. பிறகு எல்லோரும். சிவந்த முகக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை. அன்று மேசையைவிட்டு எழும்புமுன் கமக்காரர் ஒன்று சொன்னார்: அடுத்த ஆண்டு முதல் மரவேலியை ஒட்டி ஒரு பட்டைக் குளோவரை வெட்டாமல் விடுவார், மற்றதையும் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக வெட்டுவார், உள்ளே இருப்பவை ஓட வழி கிடைக்கும். பட்டை எவ்வளவு அகலம் என்று அண்ணை கேட்டார். இரண்டு பேரும் கைகளை விரித்து விரித்துப் பேரம் பேசினார்கள்.

காருக்குள் வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அவரே சுடுவம் எண்டவர். இந்த வருஷம் விட்டால்..."

"சொல்லு."

"உங்களுக்கு வேறை வருஷம் வருமோ எண்டு யோசியாமலோ சொன்னனீங்கள்?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். தாள் வயல்கள் பொன்னிறமாகப் பின்னால் ஓடின.

"எனக்கு வராட்டிலும் அந்த வயலுக்கு வரும்தானே, பிள்ளை."

ஒக்டோபர் வந்தபோது அவர் விபோர்க் வைத்தியசாலையில் இருந்தார். நாங்கள் போகும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்பார்: காற்று எந்தப் பக்கம், கமக்காரர் தாளை உழுதுவிட்டாரா. உழவில்லை, பனிக்காலத்தில் பறவைக்கு மறைவாகவும் தீனாகவும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். தாதியிடம் கேட்டு, கட்டிலை இறக்கக்கூடிய அளவுக்கு இறக்கி வைத்திருந்தார். "ஏன் அண்ணை, உங்களுக்கு உயர இருந்தால் மூச்சு லேசு எல்லோ?" என்றேன். கன்னத்தைத் தலையணையில் வைத்தபடி, "இஞ்சையிருந்து பாக்க வானம் பெரிசு" என்றார். என் கணவர் வழக்கம்போல, "மச்சான், இப்பவாவது கட்டிலிலை படுத்திட்டியள்" என்று சொல்ல முயன்று, பாதியில் விட்டு வெளியே போய்விட்டார். அண்ணை அவர் போன பக்கம் பார்த்துச் சிரித்தார். இரண்டு நாட்களின் பின், மேற்குக் காற்று வீசிய ஒரு காலையில், அந்த உயரத்திலிருந்தே போய்விட்டார். சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது. அதை அவரோடு அனுப்பினோம்.

அவருடைய இறுதிக் கிரியைகளுக்கு எஸ்பியர்க்கிலிருந்தும் வைலேயிலிருந்தும் ரயிலில் வந்து, எங்கள் சிறிய வீட்டில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்து, அடுப்படியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட குடும்பங்களை நாம் மறக்கமாட்டோம். ஐயர் இல்லாத ஊரில் தமக்குத் தெரிந்த தேவாரங்களைத் தடுமாறாமல் பாடித் தந்த அன்பர்களுக்கும், கட்டிலை இறக்கி வைத்த தாதிக்கும், மறைக்காமல் பேசிய டொக்டருக்கும், ஊரில் இருந்து அவருக்காக நெய்விளக்கு ஏற்றிய அக்காமாருக்கும் எங்கள் நன்றி. என் கணவருக்கு நான் தனியாக நன்றி சொன்னால் அவர் கோபிப்பார், ஆகவே எழுதிவிட்டு நகர்கிறேன். கமக்காரருக்கும் அவர் மனைவிக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆயினும் அவர்களுக்கு நன்றி சொல்வதற்கு, கடந்த கிழமை நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு கமக்காரர் தம் சொற்படி குளோவர்ப் பட்டையை விட்டிருந்தார். பேரம் பேசிய அகலத்தைவிடக் கூடவே விட்டிருந்தார். ஓகஸ்டில் நாயோடு பார்த்தபோது கூட்டங்கள் நிறைந்திருந்தனவாம். ஒக்டோபரில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நாளைக் காலை போகிறோம். வாரும். உம்முடைய அண்ணையின் இடம் இருக்கிறது."

பனிமூட்டம் வயலில் இருந்து எழும்பிக்கொண்டிருந்தது. துவக்குகளோடு நால்வரும் மரவேலியை நோக்கி வரிசையாக நின்றார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் சமமான தூரம். கமக்காரரின் இடப்பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. என்னை அதற்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். நாய் பட்டைக்குள் போனது. போய்ச் சிறிது தூரத்தில் காலைத் தூக்கி நின்றது.

ஒரு கூட்டம் எழும்பியது. எழும்பும் சத்தம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. வலப்பக்கமாகச் சில திரும்பின, அங்கே வெடிச் சத்தம் கேட்டது. மற்றவை எல்லாம் நேரே வந்து, கமக்காரருக்கு இடப்பக்கத்தில் வெறுமையாக இருந்த அந்த இடத்தின் வழியாக என் தலைக்கு மேலே பறந்து போயின. அந்த இடத்தை நோக்கி எந்தத் துவக்கும் திரும்பவில்லை. இடத்துக்கு அப்பால் நின்ற சிவந்த முகக்காரர் துவக்கைத் தாழ்த்தினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தோட்டா அழுகாது" என்றார்.

கமக்காரர் எனக்கு ஒரு சோடி கௌதாரி தந்தார். திவசச் சமையல் மரக்கறி என்பதால் அவை குளிர்பெட்டியில் இருக்கின்றன, நாளை மதியம் என் கணவர் சமைப்பார், நிற்கக்கூடியவர்கள் நின்று சாப்பிட்டுப் போங்கள்.

எல்லோரும் கோப்பிக்கு வீட்டை நோக்கி நடந்தபோது நான் பின்தங்கினேன். அண்ணை நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்றேன். பிறகு, உடுப்பைத் தோய்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு, குளோவருக்குள் முகங்குப்புறப் படுத்தேன். மண் ஈரமாக இருந்தது. தண்டுகள் மரங்களைப்போல் உயர்ந்து நின்றன. அவற்றுக்கு நடுவில், குனிந்து போகக்கூடிய வீதிகள்போல், வழிகள் இருந்தன. மேலே இலைகளுக்கு ஊடாக வெளிச்சம் பச்சையாகச் சொட்டியது. வானம் பெரிதாக இருந்தது.

பின்னால் புல் சரசரத்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாய் வந்து, என்னைக் கண்டு, ஒரு முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது.